பெட்டோஃபி: முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த குடும்பப்பெயர்

தன்யூப் பாயும் தேசம் – 17

கிஷ்கொரோஷ் என்ற ஊரின் லூத்தரன் தேவாலயத்தில், 1823 ஜனவரி 1 அன்று ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. மொழி லத்தீன். குழந்தையின் பெயர் அலெக்சாண்டர், குடும்பப்பெயர் பெட்ரோவிச். அப்பா கசாப்புக்காரர், சத்திரங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். அம்மா கல்யாணத்துக்கு முன் வீட்டு வேலைக்குப் போனவர். அவருடைய தாய்மொழி ஸ்லோவாக். ஊரும் அப்படித்தான். துருக்கியர் காலத்தில் ஆளில்லாமல் போன அந்த மண்ணில் 1718-இல் வடக்கிலிருந்து வந்து குடியேறிய ஸ்லோவாக் லூத்தரன்களின் ஊர் அது.

இருபத்தாறு வயதில் போர்க்களத்தில் காணாமல் போன அந்தப் பிள்ளையைத்தான் ஹங்கேரி தன் தேசியக் கவி என்று கொண்டாடுகிறது. ஹங்கேரிய மொழியில் அலெக்சாண்டர் என்பது ஷாந்தோர். பெட்ரோவிச் ஷாந்தோர் பெட்டோஃபி ஷாந்தோர் ஆன கதை இந்த இதழில். (ஹங்கேரியர் குடும்பப்பெயரை முன்னால் சொல்வார்கள், இட்ட பெயர் பின்னால் வரும். நானும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கால்பந்து வீரரை ஃபெரென்ஸ் புஷ்காஷ் என்று கேட்டுப் பழகியவர்கள் புஷ்காஷ் ஃபெரென்ஸைக் கண்டு திகைக்க வேண்டாம்.)

பெட்டோஃபி என்ற பெயர் ஒரு கவிதைக்கு அடியில் முதன்முதலாக அச்சானது 1842 நவம்பரில். அந்தக் குடும்பத்தில் அதைச் சுமந்த கடைசி ஆண் இறந்தது 1880-இல். இடைப்பட்ட காலம் முப்பத்தெட்டு ஆண்டு. கவிஞர், அவர் மனைவி, மகன், தம்பி, தம்பியின் மனைவி என்று அந்தப் பெயருக்கு உரியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஹங்கேரியில் மிகவும் புகழ்பெற்ற குடும்பப்பெயர் எது என்றால் அநேகர் சொல்வது இதைத்தான். மிக அரிதான பெயர் எது என்று கேட்டாலும் இதைச் சொல்லலாம்.

இது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். ஹங்கேரியப் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். முதல் பத்து இடங்களில் இருப்பவை நாஜ், கோவாச், டோட், சபோ, ஹொர்வாட், வர்கா, கிஷ், மொல்னார், நேமெட், ஃபர்கஷ். நாஜ் என்றால் பெரியவன், கிஷ் என்றால் சின்னவன். கோவாச் கொல்லன், சபோ தையல்காரன், வர்கா தோல் வேலை செய்பவன், மொல்னார் மாவு அரைப்பவன். ஃபர்கஷ் ஓநாய். மீதி மூன்றும் அயலாரைக் குறிப்பவை: டோட் என்றால் ஸ்லாவியன், பிற்காலத்தில் குறிப்பாக ஸ்லோவாக்கியன், ஹொர்வாட் குரோஷியன், நேமெட் ஜெர்மானியன். நாஜ், கோவாச், டோட் ஆகிய ஒவ்வொரு பெயரிலும் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள், ஒரு கோடியை எட்டாத மக்கள்தொகை கொண்ட நாட்டில். இன்னும் கீழே இறங்கினால் ருமேனியனைக் குறிக்கும் ஒலா, செர்பியனைக் குறிக்கும் ராட்ஸ், துருக்கியனைக் குறிக்கும் டொரொக், போலந்துக்காரனைக் குறிக்கும் லெங்யெல் என்று அக்கம்பக்கத்து இனம் முழுக்க வரிசையில் நிற்கிறது.

அதாவது 'நான் வெளியூரான்' என்று அறிவிக்கும் பெயர்கள்தான் அங்கே பழையவை, எங்கும் பரவியவை. காதுக்கு அசல் ஹங்கேரியமாக, கவிதைபோல ஒலிக்கும் பெயர்களில் பல நேற்று முளைத்தவை. ஓரிரு குடும்பத்தோடு நின்றுவிடுபவை.

காரணம் எளிது. பழைய குடும்பப்பெயரை யாரும் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் சூட்டினான். ஊரில் எல்லாரும் ஹங்கேரியர் என்றால் ஒருவனை 'ஹங்கேரியன்' என்று கூப்பிட்டு என்ன பயன்? குரோஷியாவிலிருந்து வந்து சேர்ந்தவனை 'ஹொர்வாட்' என்று கூப்பிட்டால் ஆளைச் சட்டென்று அடையாளம் தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் துருக்கியப் படைக்குத் தப்பிய குரோஷியர்கள் மேற்கு ஹங்கேரியில் குவிந்தார்கள். இன்றும் ஹொர்வாட் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். மஜர், அதாவது ஹங்கேரியன் என்ற குடும்பப்பெயரும் உண்டு. பல இனம் கலந்து வாழ்ந்த பகுதிகளில்தான் அப்படி ஒரு பெயருக்குத் தேவை வந்தது. டோட் என்ற பெயர் வைத்திருப்பவரெல்லாம் ஸ்லாவிய ரத்தம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவனுக்கும் ஊர் அப்படி ஒரு பட்டம் கட்டியிருக்கும்.

இதெல்லாம் எப்போது தொடங்கியது? ஆர்பாத் வம்ச காலத்துச் சாசனங்களில் குடும்பப்பெயரே கிடையாது. லத்தீனில் எழுதிய குமாஸ்தாக்கள் 'யோவானின் மகன் பேதுரு' என்று முடித்துக்கொண்டார்கள். பெரிய மனிதர் என்றால் 'அபா குலத்தைச் சேர்ந்தவர்', 'சாக் குலத்தைச் சேர்ந்தவர்' என்று குலப்பெயரைச் சேர்த்தார்கள். 1301-இல் ஆர்பாத் வம்சம் முடிந்து, இத்தாலியிலிருந்து வந்த அஞ்சு வம்சத்தார் ஆளத் தொடங்கிய பிறகு காகிதம் பெருகியது, வழக்கு பெருகியது. 1351-இல் லாயோஷ் மன்னர் ஒரு சட்டம் போட்டார்: பிரபுக் குடும்பத்தின் நிலத்தை விற்கக் கூடாது, அது அந்த வம்சத்துக்குள்ளேயே இறங்க வேண்டும். அப்படியானால் இன்னார் இன்ன வம்சத்தவர் என்று தலைமுறை தலைமுறையாக நிரூபித்தாக வேண்டும். நிலத்தோடு சேர்ந்து பெயரும் பரம்பரைச் சொத்தானதற்கு இந்தச் சட்டத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

பிரபுவின் பெயர் பெரும்பாலும் அவருடைய ஊரிலிருந்து வந்தது. ஊர்ப் பெயரோடு 'இ' சேர்த்தால் 'அந்த ஊர்க்காரர்'. முந்தைய இதழ்களில் பார்த்த ஹுன்யதி யானோஷை நினைத்துக்கொள்ளுங்கள். 1409-இல் ஜிக்மோந்த் மன்னர் ஹுன்யத் கோட்டையையும் அதைச் சார்ந்த நிலத்தையும் வொய்க் என்ற வலாகிய வீரருக்குக் கொடுத்தார். ஹுன்யதி என்ற பெயர் அந்தத் தானத்தோடு வந்தது. வொய்க்கின் மகன் யானோஷ் துருக்கியரை எதிர்த்து ஐரோப்பா அறிந்த தளபதியானார். பேரன் மாத்யாஷ் மன்னரானார். மன்னரின் மகன் 1504-இல் இறந்தார். அவருடைய பிள்ளைகளும் சில ஆண்டுகளுக்குள் போனபின் வம்சம் அற்றது. சுமார் நூறு ஆண்டு. புகழுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு பெட்டோஃபிக்கு முன்பே ஒரு சாட்சி.

குடியானவனுக்கும் 'இ' ஈறு கிடைத்தது, ஆனால் வேறு வழியாக. செகெத் நகரத்திலேயே இருப்பவனை யாரும் செகெதி என்று சொல்வதில்லை. அங்கிருந்து கிளம்பி வேறு ஊருக்குப் போனவனைத்தான் அப்படிச் சொன்னார்கள். பிரபுவுக்கு அந்த ஊர் சொந்தம், குடியானவனுக்கு அது விட்டுவந்த இடம். பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. பெரும் சமவெளியில் துருக்கியர் காலத்தில் அழிந்த கிராமங்கள் எத்தனையோ. அவற்றில் சில வரைபடத்திலிருந்து மறைந்து, யாரோ ஒருவருடைய குடும்பப்பெயரில் மட்டும் மிஞ்சின. ஹங்கேரிய அரிய பெயர்களில் ஒரு வகை இது.

சாதாரண மக்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பது வரிப் பதிவேடுகளில். பாச், பொத்ரொக், சொங்ராத் மாவட்டங்களுக்கு 1522-இல் எழுதிய ஒரு தசமபாகப் பதிவேடு தப்பிப் பிழைத்திருக்கிறது. துருக்கியரிடம் ஹங்கேரி தோற்ற மொஹாச் போருக்கு நான்கே ஆண்டு முந்தையது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டிய குடியானவர்கள் ஊர் ஊராக வரிசையில் நிற்கிறார்கள், அநேகமாக எல்லோருக்கும் இரட்டைப் பெயர். அந்தப் பக்கங்களில் உள்ள ஊர்களில் பல அடுத்த தலைமுறைக்குள் இல்லாமல் போயின. வரி வசூலிப்பவனின் கறார்த்தனம் இல்லையென்றால் அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

எழுத்து விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹங்கேரிய அகாதெமி 1832-இல் முதல் எழுத்திலக்கண விதிகளை வெளியிட்டது. சொற்கள் எல்லாம் விதிக்கு அடங்கின, குடும்பப்பெயர்கள் அடங்கவில்லை. பழைய எழுத்தில் உறைந்தே நின்றன. பொற்கொல்லன் என்ற சொல்லை இன்று ஒரு விதமாக எழுதுவார்கள். அதே சொல்லைக் குடும்பப்பெயராகக் கொண்ட எட்வெஷ் வம்சத்தார் கூடுதல் எழுத்துகளோடு பழைய பாணியில் எழுதுவார்கள். உச்சரிப்பு ஒன்றுதான். கடைசி 'இ'-யை ஐ எழுத்தால் எழுதினால் சாமானியன், ஒய் எழுத்தால் எழுதினால் பிரபு என்றொரு நம்பிக்கை வேரூன்றியது. அதற்கு விதிவிலக்குகள் ஏராளம். ஆனாலும் அந்த ஒரு எழுத்துக்காக மனிதர்கள் பட்ட பாட்டை எழுதினால் தனித் தொடராகிவிடும்.

பொதுப் பெயர்களுக்கு வேறு தொல்லை. ஒரே கிராமத்தில் இருபது வீட்டில் நாஜ் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? பெயருக்கு முன் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள், பி. நாஜ், ஜி. நாஜ் என்று. சில இடங்களில் அந்த எழுத்து பதிவேட்டிலேயே ஏறிப் பெயரின் பாகமாகிவிட்டது. கால்பந்தாட்டக்காரர்கள் மன்னர்களைப் போல எண் போட்டுக்கொண்டார்கள்: 1953-இல் வெம்ப்ளியில் ஆடிய ஹங்கேரி அணியின் வலது ஓரத்தில் இருந்தவர் புதாய் இரண்டாம் லாஸ்லோ.

இனி நம் கசாப்புக்காரரின் மகனிடம் வருவோம்.

பெட்ரோவிச் என்றால் பேதுருவின் மகன். ஸ்லாவிய முறையில் 'விச்' மகனைக் குறிக்கும். ஹங்கேரியத்தில் அதே வேலையை 'ஃபி' செய்கிறது. பான்ஃபி, பால்ஃபி போன்ற பழைய பிரபுக் குடும்பங்களின் பெயர்களில் அது உண்டு. பேதுருவுக்கு ஹங்கேரியத்தில் வழக்கமான வடிவம் பேட்டெர். ஆகவே நேரான மாற்றம் பேட்டெர்ஃபி. அந்தப் பெயரில் ஏற்கெனவே பல குடும்பங்கள் இருந்தன. ஷாந்தோர் அதை எடுக்கவில்லை. பேதுருவின் இடைக்கால வடிவமான 'பெட்டோ'வைத் தேடிப் பிடித்து ஈறு சேர்த்தார். விளைவு, ஐந்நூறு ஆண்டுப் பழமை தொனிக்கும் புத்தம் புதிய பெயர். பத்தொன்பது வயதுப் பையனுக்கு இருந்த செவிநுட்பம் அது.

ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்களில் நடித்தபோது அவர் வேறு பெயர்களைப் போட்டுப் பார்த்ததுண்டு. ரோனாய் ஒன்று, பொரொஷ்ட்யான் ஒன்று. 1842 மே மாதம் பெஸ்டிலிருந்து வந்த அதெனேயும் இதழ் அவருடைய முதல் கவிதையை வெளியிட்டபோது அடியில் இருந்தது பெட்ரோவிச் ஷாந்தோர். நவம்பர் 3-ஆம் தேதி இதழில் பெட்டோஃபி. 1814 முதல் பெயரை மாற்ற மன்னரின் அனுமதி வேண்டும் என்று ஆணை இருந்தது. கவிதைக்கு அடியில் புனைபெயர் போட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த இதழை நடத்திய மூவரில் ஒருவரான ஷேடெல் ஃபெரென்ஸும் பின்னால் ஜெர்மன் பெயரை விட்டு டோல்டி ஆனவர்தான். பெயர் மாற்றும் ஆசை அந்தக் காலத்துக் காற்றிலேயே இருந்தது.

பெயரோடு நிற்கவில்லை, பிறந்த ஊரையும் மாற்றிக்கொண்டார். ஸ்லோவாக்கியர் ஊரான கிஷ்கொரோஷை அவர் தன் ஊர் என்று சொன்னதில்லை. குழந்தைப் பருவம் கழிந்த ஃபேலெக்ஹாசா, அசல் ஹங்கேரியர் ஊர், அதைத்தான் பிறந்த மண் என்றார். 1848 ஜூனில் அங்கே இருந்தபடி அதைக் கவிதையாகவும் எழுதினார். இரண்டு ஊர்களும் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டது தனிக் கதை. ஞானஸ்நானப் பதிவேடு கிஷ்கொரோஷ் பக்கம் நிற்கிறது.

அந்தக் கவிதை பிறந்தது ஒரு தேர்தல் பயணத்தின்போது. அந்த ஆண்டு மார்ச் 15 புரட்சியின் நாயகனாக நாடே அறிந்த ஆள், சபாத்சாலாஷ் பகுதியில் நாடாளுமன்றத்துக்கு நின்றார். எதிரே உள்ளூர்ப் பாதிரியாரின் மகன், பெயர் நாஜ் காரோய். ஆம், அதே நாஜ்தான். நாட்டைக் காட்டிக்கொடுக்க வந்த உளவாளி என்று பெட்டோஃபியைப் பற்றிப் புரளி கிளப்பினார்கள்; ஊற்றிக் கொடுத்த மதுவில் கிளர்ந்திருந்த கூட்டம் அவரை ஊரைவிட்டே துரத்தியது. இத்தனை ஹங்கேரியப் பெயர் வைத்தும் சொந்த வட்டாரத்தில் அது செல்லுபடியாகவில்லை. இந்த அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்றே அவர் எழுத்தைப் படித்தால் தோன்றுகிறது.

1847 செப்டம்பரில் செந்த்ரெய் யூலியாவை மணந்தார். ஹங்கேரிய முறையில் மனைவி கணவனின் முழுப் பெயரையும் வாங்கி, முடிவில் 'னே' சேர்த்துக்கொள்வார். யூலியா பெட்டோஃபி ஷாந்தோர்னே ஆனார். 1848 டிசம்பரில் மகன் பிறந்தான். அவனுக்கு இட்ட ஸோல்டான் என்ற பெயரும் அந்த நூற்றாண்டில் தூசி தட்டி எடுத்த பழம்பெயர்தான். 1849 ஜூலை 31, ஷெகெஷ்வார் போர். ரஷ்யக் குதிரைப்படை துரத்த ஓடியவர்களில் பெட்டோஃபியும் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. அதே ஆண்டு சில மாதம் முன்னதாக அவருடைய அப்பாவும் அம்மாவும் இறந்திருந்தார்கள், பெட்ரோவிச்சாகவே.

அடுத்த கோடையில் யூலியா மறுமணம் செய்துகொண்டார். ஊர் அவரைத் தூற்றியது; தேசியக் கவியின் விதவை என்ற பட்டத்தைக் கழற்றிப் போட்டதை யாரும் மன்னிக்கவில்லை. இரண்டாம் கணவர் வரலாற்றுப் பேராசிரியர், ஹொர்வாட் ஆர்பாத். நாட்டின் மிக அரிய பெயரிலிருந்து மிகப் பரவலான பெயர்களில் ஒன்றுக்கு யூலியா ஒரே நாளில் மாறினார். 1868-இல் இறந்தார். ஸோல்டான் அப்பாவைப் போலவே நாடகக் குழுவோடு திரிந்தான். காசநோயில் 1870 நவம்பரில் மாண்டபோது வயது இருபத்தொன்று. அண்ணனின் பெயரைத் தனதாக்கிக்கொண்ட தம்பி இஷ்ட்வான் 1848–49 போரில் அதிகாரியாக இருந்தவர், பிற்பாடு பண்ணை ஒன்றில் மேலாளர். மணமுறிவு, குழந்தை இல்லை. 1880-இல் அவரும் போனார். புடாபெஸ்டின் கெரெபெஷி கல்லறைத் தோட்டத்தில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு கல்லறை உண்டு. பெற்றோர், தம்பி, யூலியா, மகன் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். கவிஞர் இல்லை.

பெயர் அற்றுப்போன அடுத்த ஆண்டே, 1881-இல், கவிஞர் செய்ததை நாடே செய்யத் தொடங்கியது. புடாபெஸ்டில் 'மத்திய பெயர் மஜராக்கச் சங்கம்' என்று ஒன்று தோன்றியது. தலைவர் டெல்கெஷ் ஷிமோன். அயல்மொழிக் குடும்பப்பெயர்களை ஹங்கேரியத்துக்கு மாற்ற ஊக்குவிப்பதே வேலை. அதே ஆண்டு மனுவுக்கான முத்திரைக் கட்டணம் 5 ஃபோரின்டிலிருந்து 50 கிராய்ட்சாருக்கு, அதாவது பத்தில் ஒன்றாக இறங்கியது. அப்படி மாறியவர்களைப் பழைய குடும்பத்தார் 'ஐம்பது கிராய்ட்சார் ஹங்கேரியன்' என்று கிண்டல் செய்தார்கள். 1895 அக்டோபரில் அரசின் சிவில் பதிவேடுகள் வந்தன. அதே ஆண்டு பிரதமரான பான்ஃபி தெஜோ அரசு ஊழியர்களைப் பெயர் மாற்றும்படி நெருக்கினார். டெல்கெஷ், எப்படி மாற்றுவது என்று கையேடே எழுதினார்.

மாறியவர்களில் பெரும் பங்கு யூதர்கள். அவர்களுடைய ஜெர்மன் பெயர்களே ஒரு மன்னரின் உத்தரவால் வந்தவை: 1787-இல் இரண்டாம் யோசெஃப் எல்லா யூதரும் ஜெர்மன் குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும் என்றார். நூறு ஆண்டு கழித்து வேறொரு அரசு, வேறொரு மொழி. ஒரு விதியை மட்டும் அதிகாரிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வரலாற்றுப் புகழ் பெற்ற பெயரை எடுக்கக் கூடாது, பிரபு வாசனை அடிக்கும் ஒய் ஈறும் கூடாது. ஆகவே மனுதாரர்கள் யாரிடமும் இல்லாத பெயரைத் தேடினார்கள். ஆற்றுப் பெயர், மலைப் பெயர், போயே இராத ஊரின் பெயர், பழைய பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. முதல் எழுத்தை மட்டும் பலர் விடவில்லை. வீட்டுத் துணிகளில் தைத்திருந்த முதலெழுத்துகளைப் பிரித்துத் தைக்கச் சோம்பல் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். லோவிங்கர் லூகாச் ஆனது அப்படித்தான்; தத்துவ அறிஞர் லூகாச் கியோர்கியின் அப்பா செய்த மாற்றம் அது. கெல்னர் என்ற பையன் கொர்தா ஆகி, லண்டன் போய்ப் படத் தயாரிப்பாளரானான். மைசூர்க் காட்டில் யானையும் சாபுவுமாக எடுத்த 'எலிஃபன்ட் பாய்' அவருடைய கம்பெனிப் படம்.

புடாபெஸ்டில் ஷெர்விட்டா சதுக்கத்தின் ஓரமாக ரோஜாவொல்ஜி இசைக் கடை இருக்கிறது. அந்தப் பெயருக்கு ரோஜாப் பள்ளத்தாக்கு என்று பொருள். கடையை 1850-இல் தொடங்கியவரின் அப்பா வயலின் மேதை, ரோசந்தால் என்ற ஜெர்மன் பெயரை அப்படியே பெயர்த்துக்கொண்டவர். சங்கமும் சலுகைக் கட்டணமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே. கடை இருக்கும் கட்டடம் 1912-இல் முடிந்தது. வரைந்தவர் லாய்டா பேலா. கீழே பெரிய கண்ணாடிகள், மேலே குடியிருப்புத் தளங்களைப் பிரிக்கும் சுட்டமண் பட்டைகள் என்று அந்தக் காலத்துக்குத் துணிச்சலான வடிவம். லாய்டா ஓர் ஆறு. கட்டடக் கலைஞர் பிறந்தபோது அவர் பெயர் லைட்டர்ஸ்டார்ஃபர். பெயர் மாறிய குடும்பத்தின் கடைக்குப் பெயர் மாறியவர் கட்டிய வீடு. ஹங்கேரிய நவீனக் கட்டடக் கலையின் முன்னோடிகளில் ஒன்று என்று அதை இன்று போற்றுகிறார்கள்.

1930-களில் இரண்டாவது அலை. இந்த முறை நெருக்குதல் ஜெர்மன் பெயர்க்காரர்கள்மேல். புடாபெஸ்டின் புறநகரில் பூர்ட்செல்த் என்ற குடும்பம் 1937-இல் புஷ்காஷ் ஆனது. பையன் ஃபெரென்ஸுக்கு அப்போது பத்து வயது. கால்டன்ப்ரூன்னர் என்ற பெயரோடு பிறந்த இன்னொரு பையன் ஹிடெக்குட்டி ஆனான். இரண்டு மொழியிலும் குளிர்ந்த கிணறு என்றே அர்த்தம் வரும். 1953 நவம்பர் 25, வெம்ப்ளி. இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் ஹங்கேரி 6–3 என்று சாய்த்தது. ஹிடெக்குட்டி மூன்று கோல், புஷ்காஷ் இரண்டு. ஹங்கேரிய மேதைமை என்று உலகம் கைதட்டிய ஆறு கோல்களில் ஐந்து, ஒரு தலைமுறைக்கு முந்தைய பதிவேட்டில் ஜெர்மன் பெயரோடு இருந்த குடும்பங்களுடையவை.

அந்த ஆட்டத்துக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டு முன்பு குடும்பப்பெயர் ஒரு கொடிய வேலையைச் செய்திருந்தது. 1945 டிசம்பர் 29-ஆம் தேதி வந்த அரசாணை, யாரையெல்லாம் ஜெர்மனிக்கு வெளியேற்ற வேண்டும் என்று வரையறுத்தது. 1941 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன்னை ஜெர்மானியர் என்றோ, தாய்மொழி ஜெர்மன் என்றோ எழுதியவர்கள். ஜெர்மானிய அமைப்புகளில் இருந்தவர்கள். இவர்களோடு, ஹங்கேரியமாக மாற்றிய பெயரை மறுபடி ஜெர்மன் பெயராகத் திருப்பிக்கொண்டவர்கள். அப்பா காலத்தில் அதிகாரிக்குப் பயந்து மாற்றிய பெயரை, போர்க்காலத்தில் வேறு அதிகாரிக்காகவோ வேறு ஆசைக்காகவோ திருப்பியவர் மாட்டிக்கொண்டார். 1946 ஜனவரி 19 அன்று புடாபெஸ்டுக்கு அருகே புடாஓர்ஷ் நிலையத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது. 1948-க்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டார்கள். அதே சமயத்தில் நாட்டுக்குள் மிஞ்சிய யூதர்கள் கூட்டம் கூட்டமாகப் பெயர் மாற்ற மனு போட்டார்கள். போருக்கு முந்திய ஆண்டுகளில் அந்தக் கதவு அவர்களுக்கு ஏறக்குறைய சாத்தியே கிடந்தது. இப்போது திறந்தது, உள்ளே வர ஆள்தான் குறைந்துபோயிருந்தது.

இப்படி மனுக்களில் பிறந்த பெயர்கள் இன்று ஹங்கேரியத் தொலைபேசிப் பட்டியல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சில ஒரே வீட்டில் மட்டும். வம்சத்தை ஆராய்பவர்களுக்கு இவை தலைவலி. பெயர் இவ்வளவு அழகாக இருக்கிறதே, ஏதோ இடைக்காலக் கோட்டையிலிருந்து வந்த குடும்பமாக இருக்கும் என்று தேடிப் போவார்கள். தடம் 1890-களின் ஒரு மனுவில் போய் நிற்கும். அதற்கு முந்திய பக்கத்தில் க்ளைன் என்றோ நோவாக் என்றோ இருக்கும்.

பெட்டோஃபிக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஹங்கேரியின் ஏதாவது ஊருக்குள் நுழைந்து பாருங்கள், புரட்சித் தலைவர் கொஷூட் பெயரில் தெரு ஒன்று, பெட்டோஃபி தெரு ஒன்று, இரண்டும் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தலைநகரில் பாலத்துக்கு அந்தப் பெயர், வானொலிக்கு அந்தப் பெயர். அதைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டால் மட்டும் சட்டம் குறுக்கே நிற்கிறது. வரலாற்றுப் பெயரையும், பழைய பிரபுக்குல எழுத்தமைப்பு உள்ள பெயரையும் புதிதாகச் சூட்டிக்கொள்ளச் சாதாரணமாக அனுமதிப்பதில்லை, 19-ஆம் நூற்றாண்டு அதிகாரிகளின் அந்த விதி இன்றும் தொடர்கிறது. முன்னோர் ஒருவர் அந்தப் பெயரை வைத்திருந்தார் என்று பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினால் பரிசீலிப்பார்கள். பெட்டோஃபி விஷயத்தில் அப்படிக் கொண்டுவந்து காட்ட வாரிசு கிடையாது.

(தொடரும்)